கரட்டுப் பாதைக்கு எந்த டயர்?

சேலத்தைச் சுற்றி மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்குப் பாதை என்று வாய்ப்பதெல்லாம் கல்தான். கஞ்சமலை அடிவாரம் போனால் இரும்புக்கல் உடைந்து கூர்கூராய்க் கிடக்கும். சேர்வராயன் மலைப் பக்கம் கருங்கல் பாறையும் அதன்மேல் உதிர்ந்த சரளையும். மற்றபடி ஊருக்கு ஒரு கரடு, கரட்டுக்கு ஒரு மாட்டுப் பாதை. இதில் ஓட்டப் பழகும் பலர் கேட்பது, “இறங்கும்போது பயமா இருக்கு, நல்ல ஃபோர்க் போட்டா சரியாயிடுமா?” என்பதுதான். ஃபோர்க்குக்கு, அதாவது முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் கவைக்கு, எடுத்து வைத்த பணத்தில் கால்வாசியில் முன் டயரை மாற்றுங்கள், மீதியை வீட்டில் கொடுத்து நல்ல பெயர் வாங்குங்கள் என்பேன்.

பயம் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் கோணலாகப் போகும், இடுப்பை அசைத்துச் சரிசெய்து விடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரமே கிடையாது, தோள் தரையில் இருக்கும். இது உடம்புக்குத் தெரியும். அதனால் பாறையைப் பார்த்ததும் கை விறைக்கிறது, உடம்பு பின்னால் போகிறது. உடம்பு பின்னால் போனதும் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது, பாரம் குறைந்த சக்கரம் இன்னும் எளிதாக வழுக்குகிறது. “தைரியமா முன்னாடி சாய்ஞ்சு ஓட்டு” என்று பக்கத்தில் நின்று கத்துவதால் இது மாறாது. முன் டயர் பிடிக்கிறது என்று கைக்கே தெரிய வேண்டும். அப்புறம் உடம்பு தானாக முன்னால் வரும்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது பட்டனைத்தான், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளை. பெரிய பட்டன், நல்ல இடைவெளி, பார்க்கவே டிராக்டர் டயர்போல இருந்தால் உடனே பிடித்துவிடும். கல்லுக்கு நான் பார்க்கும் வரிசை வேறு. முதலில் கேசிங், அதாவது டயரின் உடம்பு. அடுத்து ரப்பர் எவ்வளவு மென்மை என்பது. பட்டன் மூன்றாவது.

ஏன் இந்த வரிசை என்று என் மச்சினனுக்கு வீட்டு வாசலிலேயே செய்து காட்டினேன். கைக்குள் அடங்கும் அளவில் ஒரே ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துத் தரையில் வைத்து, அவன் வண்டியின் முன் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரின் மேல் முழு பாரத்தையும் போட்டேன். அவன் குனிந்து பார்த்தான். பஞ்சர் கடையில் வழக்கம்போல் அடித்துக் கொடுத்த 40 பிஎஸ்ஐ காற்று (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு). டயர் கல்லின் நுனியில் மட்டும் நின்றது. ஒரே ஒரு பட்டன், அதுவும் பாதிதான் கல்லைத் தொட்டது. அவன் ஹேண்டிலை லேசாக ஆட்டியதும் டயர் கல்லிலிருந்து சறுக்கி இறங்கியது. காற்றை 26 வரை இறக்கி மறுபடி ஏற்றினேன். இப்போது ரப்பர் கல்லைச் சுற்றி மடிந்து உட்கார்ந்தது. மூன்று நான்கு பட்டன் கல்லின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பிடித்திருந்தன. ஆட்டினால் கல்லும் சேர்ந்து ஆடியது. “மாமா, இதுக்குக் காசே ஆகலையே” என்றான்.

உண்மைதான், காசு ஆகவில்லை. ஆனால் அந்த 26-இல் அவன் பழைய டயரோடு கல்லுக்குள் இறங்கினால், முதல் கூர்க்கல்லிலேயே டயர் நசுங்கி டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இதைத்தான் பாம்புக்கடிப் பஞ்சர் என்கிறோம். வண்டியோடு வரும் டயர்களின் சைடு, அதாவது பக்கச் சுவர், பெரும்பாலும் மெல்லியது, அதைக் காப்பாற்றத்தான் அதிகக் காற்று அடிக்க வேண்டியிருக்கிறது. அதிகக் காற்று அடித்தால் பிடிப்பு போய்விடுகிறது. கேசிங் உறுதியாக இருந்தால் காற்றைக் குறைக்கலாம், குறைத்தால் ரப்பர் கல்லைச் சுற்றி மடியும். நல்ல டயருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இதற்குத்தான்.

கேசிங்

ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மேக்சிஸில் எக்ஸோ என்றால் ஒற்றை அடுக்கு, சைடில் வெட்டுப்படாமல் இருக்க ஒரு துணிப் பாதுகாப்பு. அதற்கு மேல் எக்ஸோ பிளஸ். அதற்கும் மேல் இரட்டை அடுக்கு டபுள்டவுன். உச்சியில், மலையிறக்கப் பந்தயத்துக்கான டவுன்ஹில் கேசிங். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி என்று ஏறும். கான்டினென்டலில் டிரெயில், எண்டியூரோ, டவுன்ஹில். பட்டன் ஒன்றாகவும் பெயர் ஒன்றாகவும் இருக்கும் இரண்டு டயர்கள் கேசிங் மாறினால் ஓட்டத்தில் வேறு வேறு டயர்கள். ஆன்லைனில் வாங்கும்போது விலை ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரிந்தால் அது என்ன கேசிங் என்று முதலில் படியுங்கள்.

நம் ஊர்க் கல்லுக்கு, வேகமாகப் பறக்காமல் நிதானமாக இறங்குகிறவருக்கு முன்னால் எக்ஸோ அல்லது அதற்கு இணையானது போதும். பின்னால் ஒரு படி மேலே போங்கள். முன் சக்கரத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, கல்லுக்குக் கல் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறோம். பின் சக்கரத்தை யாரும் பார்ப்பதில்லை. அது முழு பாரத்தையும் சுமந்துகொண்டு வழியில் உள்ளதையெல்லாம் இடித்துக்கொண்டு வரும். சைடு கிழிவதும் ரிம் நெளிவதும் பெரும்பாலும் பின்னால்தான்.

எல்லா இடத்திலும் தடிமனானதையே போட்டால் என்ன? எடை. 29 இன்ச்சில் 2.5 இன்ச் அகல எக்ஸோ டயர் ஒன்றே ஏறத்தாழ ஒரு கிலோ வரும். டபுள்டவுன் அதைவிட ஓரிரு நூறு கிராம் கூடுதல். மலை ஏற லிஃப்ட் கிடையாது, நாம்தான் மிதித்து ஏற வேண்டும். இரண்டு சக்கரத்திலும் டவுன்ஹில் டயர் போட்டுக்கொண்டு பாதி ஏற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது கையில் தெம்பு இல்லாவிட்டால் எந்த டயரும் உதவாது.

டிபிஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், 60 அல்லது 120. ஒரு அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு. எண் கூடினால் நூல் மெல்லியது, டயர் நன்றாக வளையும், எடை குறையும். எண் குறைந்தால் நூல் தடிமன். விலை கூடிய பொருளில் பெரிய எண் இருக்கும் என்று நினைத்து ஒற்றை அடுக்கு 120 டயரைக் கூர்க்கல்லுக்கு வாங்க வேண்டாம்.

ரப்பர்

வெயிலில் காய்ந்த கருங்கல் உண்மையில் நல்ல தரை. அதன் சொரசொரப்பு ரப்பரை நன்றாகப் பிடிக்கும். வெறும் பாறையில் பட்டன் கொத்துவதற்கு மண் கிடையாது, ரப்பர் கல்லோடு ஒட்டுவதுதான் வேலை. அதனால் இங்கே காம்பவுண்டு, அதாவது ரப்பர்க் கலவை, பட்டனைவிட முக்கியம்.

மென்மையான காம்பவுண்டை இப்படிச் சோதிப்பேன். பட்டனின் பக்கவாட்டில் கட்டை விரல் நகத்தை நன்றாக அழுத்தி எடுப்பேன். கெட்டி ரப்பரில் நகத் தடம் விழுவதே கஷ்டம், விழுந்தாலும் எடுத்தவுடன் மறைந்துவிடும். நல்ல மென் ரப்பரில் தடம் ஆழமாக விழும், மெதுவாக நிரம்பும். அந்த மெதுவில்தான் விஷயம் இருக்கிறது. கல்லில் மோதிய ரப்பர் உடனே துள்ளித் திரும்பாமல் கொஞ்ச நேரம் ஒட்டியே இருக்கும். கையில் வரும் அதிர்வும் அடங்கும். பல நாள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் தொங்கிய டயரையும் இந்த நகச் சோதனை காட்டிக் கொடுத்துவிடும். பெயரில் மென் ரப்பர் என்று இருக்கும், தொட்டால் விறைத்திருக்கும்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். மேக்சிஸில் டூயல் கெட்டி, மேக்ஸ்டெர்ரா நடுத்தரம், மேக்ஸ்கிரிப் மிக மென்மை. ஷ்வால்பேயில் டயரின் நடுவில் மெல்லிய வண்ணக் கோடு ஓடும்: சிவப்பு வேகத்துக்கு, நீலம் நடுத்தரம், ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. கான்டினென்டலில் எண்டியூரன்ஸ், சாஃப்ட், சூப்பர்சாஃப்ட். முன்னால் மேக்ஸ்டெர்ரா, ஆரஞ்சு, சாஃப்ட் ஆகியவற்றில் ஒன்று என்றால் போதுமானது. பயம் மிகுந்தவர், மழைக்காலத்தில் பாசி பிடித்த பாறையிலும் போகிறவர் என்றால் முன்னால் மட்டும் இன்னும் ஒரு படி மென்மை.

பின்னால் கெட்டி ரப்பரே போடுங்கள். நாம் வீட்டிலிருந்து கரடு வரை தார்ச் சாலையில் ஓட்டித்தான் போகிறோம். ஏப்ரல் மாதத் தாரில் மென் ரப்பர் பின் டயர் தேய்கிற தேய்வைப் பார்த்தால் வயிறு எரியும். மிதிக்கும்போது இழுக்கவும் செய்யும்.

பட்டன்

வெறும் பாறை என்றால் அகலமான, குட்டையான பட்டன் நல்லது. உயரமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் கல்லில் அது மடங்கும், வண்டி நெளிவதுபோல் கைக்குத் தெரியும். சேற்றுக்கென்று செய்த டயர் நமக்கு வேண்டாம் என்பது இதனால்தான். ஐப்பசி மழையில்கூட கரட்டில் தண்ணீர் வடிந்துவிடும், சேறு அடிவாரத்து வயலோடு சரி.

ஆனால் நம் பாறை வெறும் பாறையாக இருப்பதில்லை, மேலே சரளை தூவியிருக்கும். அதை ஒதுக்கித் தரையைத் தொட பட்டன்களுக்கு நடுவே ஓரளவு இடைவெளி வேண்டும். அதனால் நடு வரிசையில் மிதமான உயரமும், ஓர வரிசையில் அடிப்பாகம் தடித்த பெரிய பட்டன்களும் உள்ளதாகப் பாருங்கள். ஓரப் பட்டனைக் கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எளிதாகச் சாய்ந்தால் அது திருப்பத்தில் உங்களையும் சாய்க்கும்.

மேக்சிஸில் முன் சக்கரத்துக்குப் பேர்போன இரண்டு இருக்கின்றன: மினியன் டிஎச்எஃப், அசெகாய். டிஎச்எஃப்பில் நடுப் பட்டனுக்கும் ஓரப் பட்டனுக்கும் இடையே தெளிவான வாய்க்கால் ஓடும். வண்டியைத் துணிந்து சாய்த்தால் ஓரப் பட்டன் கச்சிதமாகப் பிடிக்கும். அரைகுறையாகச் சாய்த்தால் நடுவில் ஒரு கணம் ஒன்றும் பிடிக்காததுபோல் தோன்றும். பயந்து ஓட்டுகிறவர் எப்போதும் அரைகுறையாகத்தான் சாய்ப்பார். அசெகாயில் அந்த வாய்க்காலிலும் பட்டன்கள் உண்டு, எந்தச் சாய்விலும் ஏதாவது ஒன்று தரையில் இருக்கும். உருள்வது கொஞ்சம் கனம். டவுன்ஹில் உலக சாம்பியன் கிரெக் மினாரோடு சேர்ந்து உருவாக்கிய டயர் அது, இருந்தாலும் புதியவருக்குத்தான் அதிகம் பொருந்தும் என்பது என் கட்சி. ஷ்வால்பே பிடித்தவர் முன்னால் மேஜிக் மேரி, பின்னால் ஹான்ஸ் டாம்ஃப் அல்லது நாபி நிக். கான்டினென்டல் என்றால் கிரிப்டோடல், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வருகிறது. மேக்சிஸில் பின்னால் மினியன் டிஎச்ஆர் 2 போடலாம், பிரேக் பிடித்தால் நன்றாக நிற்கும்.

ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறதா? முன்னால் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

உங்கள் வண்டியில் நுழையுமா?

சைடில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 57-584 என்றால் 57 மில்லிமீட்டர் அகலம், 584 மில்லிமீட்டர் ரிம் விட்டம். 26 இன்ச் என்பது 559, 27.5 என்பது 584, 29 என்பது 622. ரிம் எண்ணில் பேரம் கிடையாது, அதே எண்தான் வேண்டும். 26 வைத்திருப்பவர்களுக்கு இப்போது தேர்வு குறைந்துகொண்டே போகிறது, கிடைக்கும்போது வாங்கி வையுங்கள்.

அகலத்துக்கு ரிம்மின் உள் அகலத்தைப் பாருங்கள். 20 மில்லிமீட்டரை ஒட்டிய குறுகலான ரிம்மில் 2.25-க்கு மேல் போனால் டயர் பல்ப் வடிவில் மேலே வீங்கி, திருப்பத்தில் ஆடும். 25 இருந்தால் 2.35, 2.4 வரை நன்றாக உட்காரும். 30 இருந்தால் 2.4 முதல் 2.6 வரை. மேக்சிஸில் டபிள்யூடி என்று போட்டிருப்பது இந்த அகல ரிம்முக்காகச் செய்தது.

ஃபோர்க்கிலும் பின் ஃப்ரேமிலும் இடம் இருக்கிறதா என்பதற்கு 6 மில்லிமீட்டர் ஆலன் கீயே (அறுகோணச் சாவி) போதும். இப்போதுள்ள டயரின் இரண்டு பக்கமும் மேலேயும் அதை நுழைத்துப் பாருங்கள், புது டயர் எவ்வளவு அகலம் கூடுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். புது டயர் போட்ட பிறகும் அந்த ஆலன் கீ உரசாமல் போய்வர வேண்டும். இடம் போதாவிட்டால் பட்டன் நடுவில் மாட்டிய ஜல்லி ஃப்ரேமைக் கீறிக்கொண்டே சுற்றும்.

டியூபா, டியூப்லெஸ்ஸா?

கல்லைவிட நம்மைப் படுத்துவது முள். நெருஞ்சி முள் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கூர் மேலே நிற்கும். சீமைக்கருவேல முள் நீளமாக நேராக உள்ளே போகும். டியூப் போட்டவர் நெருஞ்சி படர்ந்த வண்டிப்பாதையில் ஒருமுறை ஓரம் ஒதுங்கினால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. டியூப்லெஸ்ஸில் உள்ளே இருக்கும் சீலண்ட் திரவம் இந்தச் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும். டியூப் இல்லாததால் பாம்புக்கடியும் கிடையாது, காற்றை இன்னும் குறைக்கலாம். கரட்டில் ஓட்ட நினைப்பவர் முடிந்தால் டியூப்லெஸ்ஸுக்கு மாறுவதே சரி.

முடிந்தால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிம்மும் டயரும் இரண்டுமே டியூப்லெஸ் ரெடி என்று குறித்திருக்க வேண்டும். சாதா ரிம்மில் டேப் சுற்றி, கம்பி வைத்த சாதா டயரை மாட்டி டியூப்லெஸ் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். குறைந்த காற்றில் பாறைத் திருப்பத்தில் அப்படிப்பட்ட டயர் ரிம்மைவிட்டு நழுவி ஒரே மூச்சில் காற்றைத் துப்பும்.

29 இன்ச் டயருக்கு ஏறத்தாழ 100 மில்லி சீலண்ட். நம் வெயிலில் அது சீக்கிரம் வறண்டு ரப்பர்த் துணுக்காகிவிடும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சலசலப்புக் கேட்காவிட்டால் ஊற்றுங்கள். முதல் முறை டயர் ரிம்மில் உட்கார வேகமாகக் காற்று வேண்டும், கைப் பம்பில் பலருக்கு வராது. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் போதும், வால்வு மெல்லிய பிரெஸ்டா வகை என்றால் அதற்கான சின்ன பித்தளை அடாப்டரை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் ‘பட் பட்’ என்று உட்காரும். சைடில் போட்டுள்ள அதிகபட்சக் காற்றைத் தாண்ட விடாதீர்கள். கடைக்காரருக்குக் கல்லுபோல அடித்துக் கொடுப்பதுதான் பழக்கம்.

காற்று

கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். 22-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் பாறையில் நன்றாகத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

என் எடை 74 கிலோ. 2.4 அகல டியூப்லெஸ்ஸில் முன்னால் 22, பின்னால் 25. மச்சினன் அதே எடை, 2.25 டயரில் டியூப் போட்டிருக்கிறான், அவனுக்கு 27-உம் 30-உம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இங்கிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பழகிய, கல் நிறைந்த ஒரு சின்னத் துண்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வேகத்தில் இறங்கிப் பாருங்கள், 2 பிஎஸ்ஐ குறைத்து மறுபடி இறங்குங்கள். ஒரு கட்டத்தில் ‘டங்’ என்று ரிம் கல்லில் படும், அல்லது திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளிவது தெரியும். அதிலிருந்து 2 ஏற்றினால் அதுதான் உங்கள் எண். கேஜைக் கையோடு வைத்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். வெயிலும் கணக்கில் வரும்: 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும், அதிகாலையில் பார்த்த எண் பத்து மணிப் பாறையில் இருக்காது. சைடில் குறைந்தபட்சம் என்று ஓர் எண் போட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள்.

காற்று சரியான பிறகும் முன் சக்கரம் கல்லில் துள்ளினால் ஃபோர்க்கில் காற்று அதிகமா, சீட் உயரமா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஓட்டப் பழகுவதுதான் மிச்சம். இடத்தைப் பொறுத்தும் ஒரு வார்த்தை: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம், அடிவாரக் கரடுகளே பழகப் போதும்.

மாட்டும்போது சைடில் உள்ள அம்புக்குறி முன்னோக்கி உருளும் திசையில் இருக்கட்டும். முன்னும் பின்னும் ஒரே வகை டயர் போட்டிருந்தால், பின் டயர் தேய்ந்ததும் முன் டயரைப் பின்னால் மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் போடுங்கள். புது ரப்பர் எப்போதும் முன்னால்.

பையில் பஞ்சர் சாமானோடு பழைய டயரின் சைடிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கல் சைடைக் கிழித்துவிட்டால் சீலண்ட் அடைக்காது. டயரைக் கழற்றி, டியூப்லெஸ் வால்வை எடுத்துவிட்டு, கிழிசலுக்கு உள்பக்கமாக அந்தத் துண்டை வைத்து, ஸ்பேர் டியூபைப் போட்டு, 25 வரை மட்டும் காற்று அடியுங்கள். துண்டு இல்லாவிட்டால் பால் பாக்கெட்டை நான்காக மடித்து வைத்தாலும் தார்ச் சாலை வரை கொண்டுவந்து சேர்க்கும். வரும் வழியில் கிழிசல் பக்கம் வீங்குகிறதா என்று அவ்வப்போது இறங்கிப் பாருங்கள்.